"முடிந்தது" என்று நாங்கள் எழுதிய கைகள்

போன மாதம் முழங்கால் வலிக்காக விழுப்புரத்தில் ஒரு மருத்துவமனையின் பிசியோதெரபி அறையில் காத்திருந்தேன். எனக்கு முன்னால் பக்கவாதம் வந்த ஒரு தபால்காரர் உட்கார்ந்திருந்தார். அங்கே வேலை பார்க்கும் இளம்பெண் அவருடைய நல்ல கையில் தடித்த துணி உறை ஒன்றை மாட்டி, மணிக்கட்டில் பட்டையை இறுக்கினாள். பிறகு செயலிழந்த கையின் முன்னால் ஒரு கிண்ணம் புளியங்கொட்டையைக் கொட்டி, "ஒண்ணொண்ணா எடுங்க அங்கிள்" என்றாள்.

நான் உற்றுப் பார்ப்பதைக் கவனித்து எனக்கும் விளக்கினாள். "நல்ல கையைக் கொஞ்ச நேரம் கட்டிப் போட்டுடுவோம்ங்க. அப்பதான் இந்தக் கையை அசைக்கறதுக்கு மூளையில புதுசா இணைப்பு உண்டாகும். பழைய வழி அடைஞ்சி போனா மூளை வேற வழி போட்டுக்கும்."

"இவருக்கு வந்து எத்தனை நாளாச்சு?"

"ரெண்டு வருஷம் ஆச்சுங்க."

இரண்டு வருஷம் என்பதை அவள் வெகு சாதாரணமாகச் சொன்னாள். இதே ஊரில் இதே வேலையைச் செய்து ஓய்வு பெற்றவள் நான் என்று தெரிந்ததும் அவளுக்கு ஒரே மகிழ்ச்சி. "உங்க காலத்துல இதை எப்படிப் பண்ணீங்க மேடம்?" என்று கேட்டாள். பண்ணவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அது முழு பதில் அல்ல. மீதியை இங்கே எழுதுகிறேன்.

நான் முகையூர்க்காரி. அப்பா சவரிமுத்து, அம்மா லூர்து. இருவரும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். பங்குச் சாமியார் ஒருவர் எடுத்த முயற்சியால் சென்னையில் பிசியோதெரபி படித்தேன். எலும்புகளின் பெயர், தசைகளின் பெயர், இங்கிலீஷ் புரியாமல் அழுத அழுகை, கடைசியில் ஒரு சான்றிதழ். படிப்பைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான். எண்பதுகளின் தொடக்கத்தில் விழுப்புரத்தில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்தது. வியாழக்கிழமை மட்டும் திண்டிவனத்தில் இருந்த அதன் சிறிய கிளைக்குப் போக வேண்டும். என் பெயர் ஆரோக்கியமேரி. நோயாளிகளுக்கு நான் "கை புடிச்சி விடற மேரிம்மா."

எங்கள் அறையில் ஒரு கட்டில், பிடித்து நடை பழக இரண்டு மரக்கம்புகள், தோளைச் சுழற்றிப் பழகச் சுவரில் பதித்த சக்கரம், மணல் மூட்டைகள், மெழுகு உருக்கும் பாத்திரம், ஆளுயரக் கண்ணாடி ஒன்று. இவ்வளவுதான். மற்றபடி எல்லாம் கைவேலை. தோளில் தொடங்கி விரல் நுனி வரை ஒவ்வொரு மூட்டையும் பத்து முறை அசைக்க வேண்டும். என் ஒரு கை மூட்டுக்கு மேலே தாங்கும், இன்னொரு கை கீழே அசைக்கும். இறுகிப்போன விரல்களை நேராக விரிக்கப் பார்த்தால் வராது. முதலில் மணிக்கட்டை உள்பக்கம் மடக்கினால் விரல்கள் தாமாகவே இளகும். அதன் பிறகு, "இப்ப நீங்க பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு, தசையின்மேல் இரண்டு விரல்களை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஒன்றும் தெரியாவிட்டால் நோயாளியின் அட்டையில் பூஜ்யம். தோலுக்கடியில் மீன் புரள்வதுபோல் ஒரு துடிப்பு தெரிந்தால் ஒன்று. கொஞ்சம் அசைந்தால் இரண்டு. தானாக மேலே தூக்க முடிந்தால் மூன்று.

அந்த மருத்துவமனையில் எனக்கு மேலே இருந்தவரை எல்லோரும் பெரிய டாக்டர் என்றுதான் அழைப்போம். படுத்திருப்பவரிடம் அவர் நின்றுகொண்டு பேசியதே இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, நோயாளியின் கண் மட்டத்துக்கு உட்காருவார். ஒவ்வொருவரைப் பார்த்த பிறகும் கை கழுவி, விரல் விரலாகத் துடைப்பார். துடைத்து முடிக்கும்வரை அடுத்தவரைக் கூப்பிடக் கூடாது. கெட்ட செய்தியை நர்ஸ் மூலமோ என் மூலமோ அவர் சொல்லி அனுப்பியதில்லை. தானே சொல்வார்.

பக்கவாதத்தில் அவருக்கு ஒரு கணக்கு உண்டு. ஆறு மாதம். "வர்றதெல்லாம் ஆறு மாசத்துக்குள்ள வந்துடும், மேரி. செத்த மூளை திரும்ப முளைக்காது. அதுக்கப்புறமும் வா, வான்னு சொன்னா, இந்த ஜனங்க கூலி வேலையை விட்டுட்டு, பஸ் ஏறி, நம்பிக்கிட்டே வருவாங்க. அந்தப் பாவம் நமக்கு வேணாம்" என்பார். என் பாடப் புத்தகங்களும் ஏறக்குறைய அதைத்தான் சொல்லின. ஆறாவது மாதம் அட்டையில் "பயிற்சி முடிந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அதன் பிறகு என் வேலை, நோயாளியை ஒற்றைக் கையால் வாழப் பழக்குவது. ஒரு கையால் தலை வாருவது, சட்டைப் பொத்தான் போடுவது, இடக் கையால் சாப்பிடுவது. இதில் நான் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியிருந்தேன். பெரிய டாக்டரே வேறு ஊர் டாக்டர்களிடம் என்னைப் புகழ்ந்திருக்கிறார்.

அஞ்சலை அப்படி நான் பழக்கியவர்களில் ஒருத்தி. கூட்டேரிப்பட்டு பக்கத்துக் கிராமம், வயது முப்பத்தைந்து இருக்கும். களை எடுக்கப் போன இடத்தில் வலப்பக்கம் இழுத்துக்கொண்டது. என்னைவிட மூத்தவள் என்பதால் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வாரம் தவறாமல் திண்டிவனத்துக்கு வந்தாள். ஆறு மாதத்தில் கால் தேறி, இழுத்து இழுத்து நடந்தாள். கை தேறவில்லை. "விரல்களில் சிறு அசைவு, பயன் இல்லை" என்று நான் எழுதினேன். கீழே பெரிய டாக்டர் "பயிற்சி முடிந்தது" என்று எழுதினார்.

"இந்தக் கையி அவ்ளோதானா மேரிம்மா?" என்று கேட்டாள்.

"அதை நினைச்சிக்கினு இருக்காதக்கா. இடது கையைப் பழக்கு. ஜல்தியா எல்லா வேலையும் வந்துடும்" என்றேன். அவளும் நன்றாகவே பழகிக்கொண்டாள்.

அடுத்த ஆண்டு என் அப்பாவுக்கு வந்தது. அதே வலப்பக்கம். விழுப்புரத்திலேயே சேர்த்து, இரண்டு வாரம் கழித்து முகையூருக்குக் கூட்டிப் போனோம். மற்ற நாட்களில் அம்மா கை கால்களை அசைத்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நான் செய்வேன். அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். தசையின்மேல் விரல்களை வைத்துக்கொண்டு நான் காத்திருக்கும்போது அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். பூஜ்யம். ஆறு மாதமும் பூஜ்யம்.

கடைசி ஞாயிறு நானே சொன்னேன். "அப்பா, இந்தக் கை இனிமே வராதுப்பா. இடது கையால சாப்புடப் பழகிக்கலாம்."

"இன்னும் கொஞ்ச நாளு பாக்கலாமாம்மா?" என்றார்.

ஆறு மாதத்துக்குள் வராதது வராது என்று, பெரிய டாக்டர் சொல்கிற அதே வார்த்தைகளில் விளக்கினேன். அப்பா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அன்று மத்தியானம் அவருடைய இடக் கையைப் பிடித்து முதல் கவளத்தை எடுத்துக் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு போனபோது அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டார். போனால் பந்தியில் உட்காரச் சொல்வார்களே. கோயிலில் சிலுவை போடும்போது மட்டும் இடக் கையால் வலக் கையின் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, நெற்றிக்கும் நெஞ்சுக்கும் தோளுக்கும் கொண்டுபோவார். மறுவருஷம் மாசி மாதத்தில் இரண்டாம் முறை வந்தது. அதில் போய்விட்டார்.

அப்பா இறந்து நாலைந்து மாதம் இருக்கும். ஒரு வியாழக்கிழமை திண்டிவனத்தில் வரிசையில் அஞ்சலை நின்றுகொண்டிருந்தாள். இந்த முறை இடது கையில் மாவுக்கட்டு, முழங்கைக்கு மேல் வரை. கழுத்தில் தூளி கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

"இன்னாக்கா இது?"

"பஸ்ஸுல எறங்கறப்ப உழுந்துட்டேன் மேரிம்மா. ரெண்டு எலும்பும் பூட்ச்சாம். ஒண்ணு ஏற்கெனவே செத்துக் கெடக்குது, இருந்த ஒண்ணையும் ஒடச்சிக்கினேன் பாரு. ஒரே பேஜாரு." சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்கிட்ட ஒண்ணு காட்டணும்னுதான் வந்தேன்" என்றாள்.

கட்டிலில் உட்கார வைத்தேன். வலக் கையை மடியிலிருந்து தூக்கினாள். தானாகவே தூக்கினாள். நடுங்கியபடி அது என் மேசைவரை வந்தது. அங்கே கிடந்த பஞ்சுருண்டை ஒன்றைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இடுக்கி எடுத்தாள்.

நான் எழுதிய அட்டை எனக்கு மனப்பாடம். பயன் இல்லை.

"எப்படிக்கா?"

"அவுரு கரும்பு வெட்டப் போய்ட்டாரு. ஊட்ல நான் ஒண்டி. சோறு பக்கத்து ஊட்டுக்காரி ஊட்டி வுட்டுட்டா. ஒண்ணுக்குப் போனா பாவாட நாடாவ யாரு கட்டறது? அவளையே எத்தினி வாட்டி கூப்புடுவேன்? அவளும் ஒரு நாளு மூஞ்ச சுளிச்சா. அன்னிக்கிக் கதவ சாத்திக்கினு குந்துனேன். ஒரு முனைய இந்த மாவுக்கட்டுல இருந்து நீட்டிக்கினு இருக்கற வெரலுல புடிச்சிக்கினேன். இன்னொரு முனைய இந்தக் கையில சொருவிக்கினேன். நழுவும், மறுபடி சொருவுவேன். காலைல குந்துனவ, உச்சி வெயிலு வர்ற வரைக்கும் அழுதுக்கினே பண்ணேன். அன்னிக்கி முடிச்சி உழல. பத்து நாளு கழிச்சி உழுந்துச்சி."

நான் அவள் முன்கையில் விரல்களை வைத்தேன். மூன்று என்று எழுதலாம் போலிருந்தது. இரண்டு வருஷம் கழிந்த கை. இடக் கைதான் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறதே என்று இந்தக் கை சும்மா இருந்திருக்கிறது. இடக் கைக்கு எல்லாவற்றையும் கற்றுக் கொடுத்தவள் நான்.

மறுநாளே விழுப்புரத்துக்கு வரச் சொல்லி, பெரிய டாக்டர் முன்னால் உட்கார வைத்தேன். அவர் வழக்கம்போல ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துப் பாதி திறந்து அவள் முன்னால் வைத்தார். "ஒரு குச்சி எடும்மா."

வெளியே கூட்டம். கதவருகில் நின்ற ஆயா, "அடுத்த ஆளை அனுப்பட்டுங்களா சார்?" என்று இரண்டு முறை கேட்டாள். அவர் திரும்பாமலே கையைக் காட்டி நிறுத்தினார். அஞ்சலையின் விரல்கள் தீப்பெட்டியைத் தள்ளின, கவிழ்த்தன, குச்சிகள் சிதறின. நெற்றி முழுக்க வேர்த்துவிட்டது. கடைசியில் ஒரு குச்சியை எடுத்துவிட்டாள். எடுத்ததை அவரிடம் நீட்டினாள்.

அவர் அதை வாங்கிக்கொண்டார். "அட்டை எங்க?" என்றார். கொடுத்தேன். தன் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவைத் திறந்து "பயிற்சி முடிந்தது" என்ற வரியை அடித்தார்.

"நான் எழுதினது தப்பும்மா" என்று அஞ்சலையிடம் சொன்னார். பெரிய டாக்டர் ஒரு நோயாளியிடம் அப்படிச் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை.

அவளுக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. அவளுடைய கவலை வேறு. "சார், இந்தக் கட்ட எப்ப அவுப்பீங்க?"

"எலும்பு கூடிடுச்சு. அடுத்த வாரம் பிரிச்சிடலாம்."

"வாணாம் சார். இன்னும் கொஞ்ச நாளு கெடக்கட்டும். இத அவுத்தா அது மறுபடியும் தூங்கிப்பூடும்."

மாவுக்கட்டை அதற்கு மேல் விட்டால் முழங்கை மடங்காமல் போய்விடும் என்று அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அவள் கேட்கிற மாதிரி இல்லை. கடைசியில் என்னைப் பார்த்தார். "மேரி, கட்டைப் பிரிச்ச பிறகு இடது கையைத் துண்டால இடுப்போட கட்டு. காலையில எழுந்ததுல இருந்து மத்தியானச் சாப்பாடு முடியற வரைக்கும். அடுப்புக்கிட்ட போறப்ப மட்டும் அவுத்துடணும். எந்தப் புத்தகத்துலயும் நான் இதைப் படிச்சதில்ல. அவளே கண்டுபிடிச்சிக் கொடுத்திருக்கா, அதைச் செய்வோம்."

செய்தோம். மூன்றாவது வாரம் அவள் கணவர் முருகேசன் கிளைக்கே வந்து சத்தம் போட்டார். கரும்பு வெட்டு முடிந்து திரும்பியவருக்கு வீட்டில் பெண்டாட்டி ஒரு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"நல்லாக்கீற கையக் கட்டிப் போட்டுட்டு நொண்டிக் கையால சோறு துன்னச் சொல்றீங்களாமே? இன்னா கூத்தும்மா இது? பாதி சோறு தரையில. கூழுப் பானைய ஒடச்சிட்டா. ஊர்ல கேக்கறானுங்க, உம் பொண்டாட்டிக்கு அந்தாஸ்பத்திரில பைத்தியம் புடிக்க வெச்சிட்டாங்களான்னு."

நான் பதில் சொல்வதற்குள் அஞ்சலை முந்திக்கொண்டாள். "பானைதானே ஒடஞ்சிச்சி? வாங்கிக்கலாம். நீ சும்மாகீறியா கொஞ்ச நேரம்?"

அடுத்த வாரத்திலிருந்து தினமும் காலையில் துண்டைக் கட்டிவிடுவதே அவர்தான் என்று அவள் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

எல்லாம் வந்துவிடவில்லை. பொத்தான் போட வராது. எழுதப் படிக்கத் தெரியாதவள், எழுதச் சொல்லிப் பார்க்க வழியில்லை. ஆனால் ஏழெட்டு மாதத்தில் வலக் கையால் சாப்பிட்டாள். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையை உரிக்கும் காலத்தில் மற்றப் பெண்களோடு போய் உட்கார்ந்தாள். அவர்கள் மூன்று முறம் உரிக்கும் நேரத்தில் அவளுக்கு ஒன்று. ஒரு வியாழக்கிழமை வேகவைத்த மல்லாட்டையை முந்தானையில் முடிந்து கொண்டுவந்தாள். முடிச்சை அவிழ்த்து, ஒன்றை உரித்து, வலக் கையால் எனக்கு நீட்டினாள். "துன்னு மேரிம்மா. இந்தக் கையால ஒருத்தருக்கு ஒண்ணு குடுத்து எத்தினி நாளாச்சு தெரியுமா?"

வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். அப்பாவின் முதுகும் அவர் பார்த்து உட்கார்ந்திருந்த சுவரும் மட்டும் கண்ணில் நின்றன.

அதற்குப் பிறகு பெரிய டாக்டர் பழைய அட்டைகளை எடுக்கச் சொன்னார். "முடிந்தது" என்று எழுதியவை பீரோவில் கட்டுக் கட்டாக இருந்தன. நானும் அவரும் ஓய்வு நேரத்தில் உட்கார்ந்து, விரல்களில் ஒன்றோ இரண்டோ என்று எழுதியிருந்தவர்களுக்கெல்லாம் தபால் கார்டு எழுதிப் போட்டோம். மறுபடி வந்து காட்டுங்கள் என்று. சிலர் வந்தார்கள். சிலருக்குக் கொஞ்சம் பயன் இருந்தது, சிலருக்கு ஒன்றுமே இல்லை. முகவரியில் ஆள் இல்லை என்று சில கார்டுகள் திரும்பி வந்தன. ஒரு அம்மாள் நாங்கள் எழுதிய கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, "அவரு பூட்டாருங்க, போன தையில. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள். பெரிய டாக்டர் அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். அவள் போன பிறகு நெடுநேரம் கை கழுவினார்.

பூஜ்யம் என்று எழுதியவர்களுக்கு நாங்கள் கார்டு போடவில்லை. பூஜ்யத்தில் எதைத் தொடங்குவது? அந்தக் கட்டுகளில் அப்பாவின் அட்டை இல்லை. வீட்டு ஆள்தானே என்று அவருக்கு நான் அட்டையே போட்டிருக்கவில்லை.

கார்டுகள் எழுதிப் போட்ட நாட்களில் ஒரு ஞாயிறு முகையூருக்குப் போனபோது அம்மாவிடம் அஞ்சலை கதையைச் சொன்னேன். அம்மா முறத்தில் கேப்பை புடைத்துக்கொண்டே கேட்டாள். நாடா முடிச்சு விழுந்தது என்று சொன்ன இடத்தில் முறம் நின்றது.

"உங்கப்பாவும் ஒரு நாளு சொன்னாரு" என்றாள்.

"இன்னா சொன்னாரு?"

"நீ வாணாம்னு வுட்டப்பறம்தான். ரெண்டு மாசம் இருக்கும். கையில எறும்பு ஊர்ற மாரி இருக்குது லூர்து, வெரலு அசையுதுன்னு கூப்ட்டாரு. நான் அடுப்ப வுட்டு வந்து பாக்கறதுக்குள்ள நின்னு பூட்ச்சாம். அப்பறம் இன்னொரு வாட்டியும் சொன்னாரு."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொல்றேன்னுதான் சொன்னேன். அவருதான் வாணாம்னாரு. புள்ள பரிச்ச எழுதிப் படிச்சது. அது முடிஞ்சிபோச்சின்னு சொன்னா முடிஞ்சிதான் பூட்ச்சி. நாம போயி அசையுதுன்னு சொன்னா, தான் தப்பா சொல்லிட்டமோன்னு அதுக்குக் கஷ்டமா இருக்கும், வுடுன்னாரு."

"எந்த விரலும்மா?" என்று கேட்டேன்.

அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டுத் தன் வலக் கையை விரித்துப் பார்த்தாள். ஒவ்வொரு விரலாக மடக்கினாள். பிறகு எல்லாவற்றையும் விரித்துவிட்டாள்.

"கேட்டு வெச்சிக்கலியேம்மா" என்றாள்.

பெருவிரல் என்றால் அதற்கு ஒரு விதமாகத் தொடங்க வேண்டும். சுண்டுவிரல் என்றால் வேறு விதம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் எத்தனையோ பேரின் கைகளைப் பிடித்து வேலை செய்துவிட்டு ஓய்வு பெற்றுவிட்டேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து சும்மா உட்கார்ந்திருக்கையில், மனதுக்குள் அப்பாவின் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொள்கிறேன். மணிக்கட்டை மெல்ல மடக்குகிறேன். எந்த விரல் என்று தெரியாததால் பெருவிரலிலிருந்து தொடங்குகிறேன்.